கால் மரத்துப்போனால் மூச்சையும் கவனியுங்கள்

வயிற்றுப்போக்கு வரும். ஓஆர்எஸ் குடித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, இரண்டு நாள் படுத்து எழுந்து வேலைக்குப் போய்விடுவோம். மறந்தும் விடுவோம். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பாதத்தில் மதமதவென்று ஒரு உணர்ச்சி. மறுநாள் மாடிப்படி ஏறும்போது தொடை ஒத்துழைக்க மறுக்கிறது. அப்போது யாருக்கும் அந்தப் பழைய வயிற்றுப்போக்கு நினைவுக்கு வருவதில்லை. வயிறு வேறு, கால் வேறு என்றுதான் நினைக்கிறோம். கில்லன் பாரே சிண்ட்ரோம் என்கிற ஜிபிஎஸ் நோயில் அவை இரண்டும் ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியும்.

நான் மருத்துவர் இல்லை. என் தம்பிக்கு (சித்தி மகன்) இந்த நோய் வந்தபோது ஐசியூ வாசலில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கி, இன்றுவரை விடாமல் படித்துக்கொண்டிருப்பவள். இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நோய் வந்தவரை அவர் நடந்துகொண்டிருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். ஏன் என்று புரிய, நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் நரம்பு மண்டலத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு சிப்பாய்கள்

1916. முதல் உலகப் போர். பிரெஞ்சு ராணுவத்தில் இரண்டு சிப்பாய்களுக்குக் கை கால் வலுவிழந்தது. தசைநார்களைத் தட்டிப் பார்த்தால் வர வேண்டிய துள்ளல் வரவில்லை. ஜார்ஜ் கில்லன், ஜான் அலெக்சாண்டர் பாரே, ஆந்த்ரே ஸ்ட்ரோல் என்ற மூன்று மருத்துவர்கள் அவர்களுடைய முதுகுத் தண்டுவட நீரை எடுத்துச் சோதித்தார்கள். அதில் புரதம் மிக அதிகமாக இருந்தது. ஆனால் அணுக்கள் கூடவில்லை. மூளைக்காய்ச்சல் போன்ற தொற்றாக இருந்தால் அந்த நீரில் வெள்ளை அணுக்கள் குவிந்திருக்கும். இங்கே கிருமி இல்லை, சீழ் இல்லை, ஆனாலும் நரம்பு வேலை செய்யவில்லை. சிப்பாய்கள் இருவரும் தேறினார்கள்.

இப்படி மேல்நோக்கிப் பரவும் வாதத்தை ஜான் லாண்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1859-லேயே எழுதி வைத்திருந்தார். தண்டுவட நீரில் தெரிந்த அந்த அடையாளம்தான் 1916-இல் புதிது. இன்றும் ஜிபிஎஸ் என்று சந்தேகம் வந்தால் முதுகில் ஊசி போட்டு அந்தப் புரதத்தைத்தான் தேடுகிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். முதல் வாரத்தில் அந்தச் சோதனை நார்மலாகவே வரலாம். "ரிப்போர்ட் நல்லா இருக்கு" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

கிருமியின் மேல் நம் நரம்பின் சாயல்

கிருமி இல்லாமல் நரம்பைக் கெடுத்தது எது? விடை கிடைக்க வெகுகாலம் ஆனது.

வடசீனத்தின் ஹெபெய் மாகாணத்தில் கோடைதோறும் கிராமத்துக் குழந்தைகளுக்குத் திடீரென்று கை கால் விழுந்துவிடும். ஷிஜியாஜுவாங் நகர மருத்துவமனைக்கு அவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போலியோ என்று தோன்றும். ஆனால் போலியோ இல்லை. கை மெக்கான், ஜாக் கிரிஃபின், ஆர்தர் ஆஸ்பரி முதலிய அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் சீன மருத்துவர்களுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டார்கள். இறந்துபோன நோயாளிகளின் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் ஆன்டிபாடிகள் ஒட்டியிருந்தன. அந்த நோயாளிகளில் பலருக்குச் சற்று முன்புதான் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று வந்து போயிருந்தது. சரியாக வேகாத கோழி, காய்ச்சாத பால், அசுத்தமான தண்ணீர் வழியே வயிற்றுக்குள் போகிற கிருமி அது.

அதே காலத்தில் ஜப்பானில் நொபுஹிரோ யூகி என்ற மருத்துவர், இந்தக் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்து பிறகு ஜிபிஎஸ் வந்தவர்களின் ரத்தத்தில் ஒரு விசேஷமான ஆன்டிபாடியைக் கண்டார். நம் நரம்பின் மேற்பரப்பில் கேங்லியோசைட் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் சில சர்க்கரைகள் ஒரு வரிசையில் கோத்திருக்கும். அந்த ஆன்டிபாடி பிடித்தது ஜிஎம்1 என்ற கேங்லியோசைடை. கேம்பைலோபேக்டரின் சில வகைகள் தங்கள் வெளிப்புறத்தில் அதே சர்க்கரைகளை அதே வரிசையில் வைத்திருக்கின்றன.

இனி நடப்பதை நீங்களே ஊகிக்கலாம். கிருமி வயிற்றுக்குள் வருகிறது. எதிர்ப்பு மண்டலம் அதன் மேலிருக்கும் சர்க்கரையை அடையாளம் வைத்து ஆன்டிபாடி தயாரிக்கிறது. கிருமி ஒழிகிறது, வயிறு சரியாகிறது. மிச்சமிருக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் சுற்றி, நரம்பில் அதே சர்க்கரையைச் சந்திக்கின்றன. அங்கேயும் ஒட்டிக்கொள்கின்றன. 2004-இல் யூகியின் குழு, இந்தக் கிருமியின் மேற்பரப்பிலிருந்து பிரித்த அந்த மூலக்கூறை முயல்களுக்குச் செலுத்தியது. முயல்களின் உடலில் ஜிஎம்1-க்கு எதிரான ஆன்டிபாடி உருவானது, கால்களும் விழுந்தன. ஒரு தொற்று எப்படி நரம்பு நோயாக மாறுகிறது என்பதற்கு இவ்வளவு முழுமையான சான்று மருத்துவத்தில் அபூர்வம்.

எந்தக் கேங்லியோசைட் தாக்கப்படுகிறதோ, அதற்கேற்ப நோயின் உருவமும் மாறும். ஜிக்யூ1பி என்ற வகை, கண்ணை அசைக்கும் நரம்புகளில் அதிகம். அதற்கு எதிராக ஆன்டிபாடி வந்தவருக்கு எல்லாம் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும். 1956-இல் விவரித்த மருத்துவரின் பெயரால் அது மில்லர் ஃபிஷர் சிண்ட்ரோம் எனப்படுகிறது.

பயப்பட வேண்டாம். கேம்பைலோபேக்டர் தொற்று வந்தவர்களில் ஜிபிஎஸ் வருவது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான், அல்லது அதற்கும் குறைவு. மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

நரம்புக்குள் நடக்கும் சேதம்

நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. ஷ்வான் செல் என்ற அணு, பாய் சுருட்டுவது மாதிரி தன்னையே நரம்பிழை மேல் பல சுற்று சுற்றிக்கொண்டு அந்த உறையை உண்டாக்குகிறது. ஒரு ஷ்வான் செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளி இருக்கும். மின்சமிக்ஞை அந்த இடைவெளிகளில் தாவித் தாவிப் போவதால்தான் கை நரம்பில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் வேகம் கிடைக்கிறது.

ஜிபிஎஸ்ஸில் இரண்டு விதமான சேதம் உண்டு. ஒன்றில், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்கள் வந்து மயலின் உறையை உரித்தெடுக்கின்றன. சமிக்ஞை வேகம் குறைகிறது, பிறகு வழியிலேயே நின்றுவிடுகிறது. இன்னொன்றில், உறையை விட்டுவிட்டு, அந்தச் சிறு இடைவெளியில் வெளியே தெரியும் நரம்பிழையையே ஆன்டிபாடி பிடிக்கிறது. சீனக் குழந்தைகளிடம் பார்த்தது இரண்டாவது வகை.

நரம்புகளுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் வேரிலும், தசையைத் தொடும் நுனியிலும் அந்தத் தடுப்பு பலவீனம். ஆன்டிபாடி நுழைவது அங்கேதான். வேர்கள் வீங்குவதால்தான் பலருக்கு முதல் அறிகுறியே முதுகுவலியாக இருக்கிறது. தண்டுவட நீரில் புரதம் ஏறுவதும் அதனால்தான்.

என் தம்பியின் மூச்சு

தம்பிக்கு நாற்பது வயது, டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். "அக்கா, செருப்பு கழண்டு போறதே தெரியல" என்று போனில் சொன்னான். அடுத்த நாள் கடை ஷட்டரைத் தூக்க முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் சத்துக்குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். சுகர் இருக்கும், ராத்திரி வண்டி ஓட்டியதில் நரம்பு இழுத்திருக்கும், எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பெரிய மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் அவனைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் சொன்னார். முழங்கால் சில்லுக்குக் கீழே சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. இரண்டு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லி மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை. கணுக்காலிலும் இல்லை. "போன மாசம் காய்ச்சல், பேதி ஏதாவது வந்துச்சா சார்?" என்று கேட்டார். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த வயிற்றுப்போக்கு அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

அதன்பிறகு அவர் செய்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது. தம்பியின் தலையணையை எடுத்துவிட்டுக் கழுத்தைத் தூக்கச் சொன்னார். பிறகு, "நல்லா மூச்சை இழுத்துட்டு, நடுவுல விடாம ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க" என்றார். தம்பி 28 வரை போனான். நலமாக இருக்கும் ஒருவர் சாதாரண வேகத்தில் முப்பது, நாற்பது வரை எண்ணிவிடுவார். சாயங்காலம் மறுபடி எண்ணச் சொன்னார்கள். 19. முகத்தில் எந்தத் திணறலும் இல்லை. விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் 98 என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த நம்பரைப் பார்த்து நாங்கள் தைரியமாக இருந்தோம். மருத்துவரோ உடனே ஐசியூவுக்கு மாற்றினார்.

காரணத்தை அவரே விளக்கினார். கோவிட் காலத்தில் நுரையீரல் கெட்டது, அதனால் ஆக்ஸிஜன் நம்பர் முன்கூட்டியே இறங்கியது. ஜிபிஎஸ்ஸில் நுரையீரலுக்கு ஒன்றும் ஆவதில்லை. மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்புதான் தளர்கிறது. இழுக்கும் காற்றின் அளவு குறைந்துகொண்டே வரும். விரல் கருவி கடைசி நேரம் வரை நல்ல நம்பரைக் காட்டும். அது இறங்கும்போது காலம் கடந்திருக்கும். கழுத்தைத் தூக்கும் தசையும் உதரவிதானமும் தண்டுவடத்தின் அடுத்தடுத்த மட்டங்களிலிருந்து நரம்பு வாங்குகின்றன. கழுத்து தளர்ந்தால் மூச்சும் தளரப் போகிறது என்று அர்த்தம்.

ஜிபிஎஸ் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வெண்டிலேட்டர் தேவைப்படும் நிலைக்குப் போகிறார்கள். இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் நம்மை அறியாமல் நடத்தும் தன்னியக்க நரம்புகளும் பாதிக்கப்படலாம். பிரஷர் தாறுமாறாக ஏறி இறங்கும், துடிப்பு திடீரென்று குறையும், சிறுநீர் அடைக்கும். இதையெல்லாம் சமாளிக்க நல்ல ஐசியூ வேண்டும். நடக்க முடிகிற நாளிலேயே போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மருந்து என்ன?

இரண்டு சிகிச்சைகள் நிரூபிக்கப்பட்டவை. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை இயந்திரத்தில் பிரித்தெடுத்து, அதிலிருக்கும் ஆன்டிபாடிகளோடு அகற்றிவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றுவது ஒன்று. 1985-இல் வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு அதன் பலனை உறுதிசெய்தது. ஆயிரக்கணக்கான ரத்தக் கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து திரட்டிய நல்ல ஆன்டிபாடிகளை ரத்தக் குழாய் வழியே ஏற்றும் ஐவிஐஜி இன்னொன்று. அது பலன் தரும் என்று 1992-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் காட்டினார்கள். இரண்டும் சமம்தான், எது கிடைக்கிறதோ அதைத் தொடங்கலாம். ஐவிஐஜி இரண்டு வாரத்துக்குள், பிளாஸ்மா மாற்றம் நான்கு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஐவிஐஜி ஒரு கிலோ உடல் எடைக்கு 2 கிராம் என்று கணக்கிட்டு ஐந்து நாளில் பிரித்துக் கொடுக்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். செலவு லட்சங்களில் போகும். "ஸ்டீராய்டு போட்டா போதாதா, அது மலிவாச்சே?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். எதிர்ப்பு மண்டலத்தின் நோய்கள் பலவற்றுக்கு அது உதவும். ஜிபிஎஸ்ஸில் உதவாது. இதை முறையான ஆய்வுகள் செய்துதான் தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே அதில் நாளை வீணாக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் நரம்பியல் பிரிவில் கேளுங்கள்; காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பணமில்லாத நாடுகளுக்காக டாக்காவில் செய்த ஒரு முயற்சி என்னை நெகிழவைத்தது. இயந்திரம் இல்லாமல், படுக்கையருகே ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துப் பையில் தொங்கவிட்டு, சிவப்பணுக்கள் கீழே படிந்ததும் மேலே தெளிந்த பிளாஸ்மாவை விட்டுவிட்டுச் சிவப்பணுக்களைத் திரும்ப ஏற்றினார்கள். 20 நோயாளிகளிடம் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். பலன் எவ்வளவு என்று சொல்ல இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். ஆனால் ஏழை நோயாளியை மனதில் வைத்து யோசித்த மருத்துவம் அது.

இடித்ததும் துப்புரவு செய்வதும் ஒரே அணு

இந்த நோயின் நல்ல செய்தி, தாக்குதல் தானாகவே ஓய்ந்துவிடும் என்பது. பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் உச்சம், அதிகபட்சம் நான்கு வாரம். பிறகு சில நாளோ சில வாரமோ அப்படியே நிற்கும். அதன்பின் மெதுவாக ஏற்றம். மறுபடி வருவது நூற்றில் சிலருக்கே.

இதில் என்னை மிகவும் வியக்கவைத்தது மேக்ரோஃபேஜ்தான். மயலினை உரித்துப்போட்ட அதே வகை அணுதான், பிறகு சிதறிக் கிடக்கும் மயலின் துண்டுகளை விழுங்கித் துப்புரவு செய்கிறது. அந்தக் குப்பை அகன்றால்தான் ஷ்வான் செல் பெருகி மறுபடி நரம்பிழையைச் சுற்றிக்கொள்ள முடியும். எதிர்ப்பு மண்டலத்தை முழுக்க அடக்கி வைத்துவிட்டால் நரம்பு ஆறாது. இரண்டும் அவ்வளவு பின்னிக் கிடக்கின்றன. உறை மட்டும் போயிருந்தால் வாரங்களில் சீராகும். இழையே அறுந்திருந்தால் அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் ஐந்தில் ஒருவருக்குத் துணையில்லாமல் நடக்க முடிவதில்லை. நல்ல சிகிச்சை கிடைத்தும் நூற்றில் ஐந்து பேரளவுக்கு இறந்துபோகிறார்கள்.

ஐசியூவில் இருக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். உடம்பு அசையாவிட்டாலும் மூளை தெளிவாக இருக்கிறது. அவருக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், வலியும் தெரியும். கட்டில் பக்கத்தில் நின்று "இனி எழுந்திருப்பானா?" என்று யாரையும் பேசவிடாதீர்கள். தம்பிக்குத் தொண்டையில் வெண்டிலேட்டர் குழாய் இருந்தபோது ஒரு நர்ஸ், மருந்து டப்பா அட்டையைக் கிழித்து "வலி", "சளி", "திருப்பிப் படுக்கணும்", "குளிருது", "அக்கா" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டுவார். ஆமாம் என்றால் ஒரு முறை கண் சிமிட்ட வேண்டும். விலையுயர்ந்த மருந்துகளுக்கு நடுவே, அந்த அட்டையும் அவனைக் காப்பாற்றியதாக நான் நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்தபின் பிசியோதெரபியை விடாதீர்கள். ஆனால் விரட்டாதீர்கள். தசை தேறிய பிறகும் அசதி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஆளைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள்.

தடுப்பூசி, போலியோ, புனே

தடுப்பூசியால் ஜிபிஎஸ் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. 1976-இல் அமெரிக்காவில் சுமார் 4.5 கோடி பேருக்குப் போட்ட பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியால், ஒரு லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் ஜிபிஎஸ் கூடியது உண்மை. அத்திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இன்றைய ஃப்ளூ தடுப்பூசியில் அந்த அபாயம் இருந்தாலும் பத்து லட்சத்தில் ஒருவர், இருவர்தான். ஃப்ளூ காய்ச்சலே வந்தால் ஜிபிஎஸ் வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். பயந்து தடுப்பூசியைத் தவிர்ப்பது கணக்குத் தெரியாத முடிவு.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால் சுகாதாரத் துறையினர் மலமாதிரி கேட்டு வருவார்கள். முகம் சுளிக்காதீர்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசியாக ஒருவர் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். போலியோ போன பிறகு இப்படித் தளர்வு வர முக்கியக் காரணம் ஜிபிஎஸ்தான். ஆனாலும் ஒவ்வொரு குழந்தையையும் சோதிப்பதால்தான் போலியோ திரும்பி வந்தால் உடனே தெரியும்.

கடைசியாக, புனே. 2025 ஜனவரியில் அந்நகரின் சிங்ககட் சாலைப் பகுதியில் ஜிபிஎஸ் நோயாளிகள் அடுத்தடுத்து வரத் தொடங்கினார்கள். சில வாரங்களில் சந்தேக நோயாளிகள் 200-ஐத் தாண்டினார்கள், சிலர் இறந்தார்கள். பலருடைய மாதிரிகளில் கேம்பைலோபேக்டர் இருந்தது. அந்தப் பகுதிக்குத் தண்ணீர் தந்த கிணற்றின் பக்கம் அதிகாரிகளின் கவனம் திரும்பியது. அந்த நகரில் நல்ல ஐசியூக்களும் நரம்பியல் மருத்துவர்களும் இருந்தார்கள், அதனால் பலர் பிழைத்தார்கள். ஆனால் அவர்கள் அங்கே படுத்திருக்க வேண்டிய அவசியமே வந்திருக்கக் கூடாது. யாருடைய எதிர்ப்பு மண்டலம் எப்போது தடம் மாறும் என்று நம்மால் கணிக்க முடியாது. அதைத் தூண்டிவிடும் கிருமி வீட்டுக் குழாயில் வருவதைத் தடுக்க முடியும். கோழியை உள்வரை வேகவைப்பது நம் கையில். பச்சைக் கோழி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காமல் இருப்பதும் நம் கையில். நீர்த்தேக்கத் தொட்டியைக் கழுவினார்களா, குளோரின் போட்டார்களா, சாக்கடைக் குழாய் குடிநீர்க் குழாயோடு உரசிப் போகிறதா என்பதைக் கிராமசபையிலும் வார்டு கூட்டத்திலும் எழுந்து கேட்பதும் நம் கையில்தான். லட்சக்கணக்கில் செலவாகும் ஒரு நரம்பு நோயை, சில நூறு ரூபாய் பிளீச்சிங் பவுடர் பல வீடுகளில் வரவிடாமலே செய்யும். அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.